1932 ஃபோர்டு கூப்பே: பாடியையும் டேஷ்போர்டையும் மாற்றியமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹாட் ராட் (பழைய காரை வெட்டி மாற்றியமைத்த வண்டி) கட்ட ஆசைப்பட்டு வருகிறவர் முதலில் கையில் எடுப்பது கிரைண்டரைத்தான். கூரையை மூன்று அங்குலம் குறைத்தால் வண்டி எப்படி இருக்கும் என்ற படம் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, வெட்டிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து இருக்கை வந்து சேர்கிறது. உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கிறது. இருக்கையைத் தாழ்த்தினால் ஸ்டீயரிங் முகத்துக்கு நேரே நிற்கிறது. ஸ்டீயரிங்கை இறக்கினால், பார்த்துப் பார்த்துப் பொருத்திய ஸ்பீடாமீட்டரை அதன் வளையம் மறைத்துவிடுகிறது.

என் முதல் வண்டியில் நானே இதைச் செய்தேன். பிறகு மிஷிகனில் இருக்கும் எங்கள் கராஜுக்கு வார இறுதிகளில் வேலை பழக வந்தவர்களும் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்தேன். ஆகவே இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஓட்டுநரின் கண் எங்கே இருக்கும் என்பது முதலில் முடிவாக வேண்டும். கூரையின் உயரம், கண்ணாடியின் அளவு, மீட்டர்களின் இடம் மூன்றும் அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் கிளம்புகின்றன.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது 1932 ஃபோர்டின் ஐந்து ஜன்னல் கூப்பே. முன் கண்ணாடியைச் சேர்க்காமல், கதவுகளில் இரண்டு, அவற்றுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, பின்புறம் ஒன்று என ஐந்து. கதவின் கீல் முன்பக்கம் இருக்கும். மூன்று ஜன்னல் மாடலில் கீல் பின்பக்கம். முப்பதுகளின் மற்ற கூப்பேக்களுக்கும் அளவுகள் மாறும், வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காகிதம். இந்த வண்டியின் எண் பாடியில் இல்லை; சேசிஸின் இடது தண்டின் மேல்புறம் குத்தப்பட்டிருக்கும். பாடியை ஓரிடத்திலும் சேசிஸை வேறிடத்திலும் வாங்கிவிட்டுப் பதிவு அலுவலகத்தில் நின்று விழிப்பவர்கள் உண்டு. தகட்டைத் தொடும் முன் எண்ணைத் துடைத்துப் படித்து, உரிமைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, பாடி. அதிகம் துருப்பிடிக்காத அசல் 1932 பாடி கிடைத்திருந்தால், அதில் வெட்டுப் பழகாதீர்கள். இந்த மாடலுக்குப் புதிதாக அச்சில் அடித்த எஃகு பாடிகள் அமெரிக்காவில் விற்பனைக்கு இருக்கின்றன. முதல் கூரைவெட்டை அதில் செய்யலாம். அல்லது ஏற்கெனவே யாரோ குதறி வைத்த பழைய பாடியில் செய்யலாம். முழுதாக மிஞ்சியிருக்கும் ஒன்றை வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கருவிகளில் விலை உயர்ந்தது வெல்டிங் இயந்திரம். டிக் (TIG) முறை மெதுவானது. ஆனால் அதன் தையல் மென்மையாக இருப்பதால் சுத்தியலால் தட்டிச் சமன் செய்ய முடியும். கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் மிக் (MIG) இயந்திரம்தான் இருக்கிறது என்றால் 0.6 மி.மீ. கம்பியைப் போடுங்கள். தடித்த கம்பி அதிக வெப்பம் கேட்கும். இந்தத் தகடு அதைத் தாங்காது. ஒட்டுப் போடுவதற்கு 18 அல்லது 19 கேஜ் தகடு (1.2 முதல் 1.1 மி.மீ.) சரியாக இருக்கும். இவை தவிர சுத்தியல்கள், மூன்று நான்கு வடிவங்களில் டாலிக் கட்டைகள் (தட்டும்போது தகட்டின் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டைகள்), ரசமட்டம், தூக்குக் குண்டு, ஒரு அங்குலச் சதுரக் குழாய் நிறைய, அட்டை, முகமூடி நாடா (மாஸ்கிங் டேப்).

தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இந்தப் பாடியின் கூரையில் மரச்சட்டங்கள் உண்டு. தொண்ணூறு வருடம் காய்ந்த மரம் அது. வெல்டிங் முடிந்து அரை மணி நேரம் கழித்தும் புகை கிளம்பலாம். விளக்கை அணைத்துவிட்டு உடனே வீட்டுக்குப் போகாதீர்கள்.

2. சேசிஸை மட்டம் பிடித்து பாடியை உட்கார வைத்தல்

பாடியைத் தனியாகத் தாங்கிகளில் நிறுத்தி வேலை செய்யக் கூடாது. எஃகானாலும் அது துணிபோலத் தொய்யும். தாங்கியில் சரியாக மூடிய கதவு, சேசிஸில் ஏற்றியதும் மூடாது.

சேசிஸை நான்கு இடங்களில் தாங்கி, குறுக்கும் நெடுக்கும் ரசமட்டம் பாருங்கள். மூலைவிட்ட அளவுகள் இரண்டும் ஒத்து வருகின்றனவா என்று நாடா பிடித்துப் பாருங்கள். பிறகு ரப்பர் பட்டைகளை வைத்து, இறுதியில் எப்படி முடுக்குவீர்களோ அப்படியே பாடியின் போல்ட்டுகளை முடுக்குங்கள்.

இப்போது கதவு. சுற்றிலும் ஒன்றரை நூல் இடைவெளி, அதாவது 3/16 அங்குலம், வர வேண்டும். கதவின் மேல் மூலை பின்னால் இடித்தால் கீலை வளைக்க ஓடாதீர்கள். பாடியின் முன் போல்ட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகினாலே பாதி நேரங்களில் சரியாகிவிடும். கதவு ரப்பரையும் ஒட்டிப் பாருங்கள். ரப்பர் இல்லாமல் இடைவெளி பார்த்து, பெயின்ட் அடித்து, கடைசியில் ரப்பர் போட்டதும் கதவு கால் அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது, நான் அதிகம் பார்த்த பிழைகளில் ஒன்று.

3. துருவை எடுத்தல்

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி பறக்கவிடாமல் ரசாயனத்தால் உரிப்பது நல்லது.

மணல் அடிப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. கதவு, டிக்கி மூடி போன்ற அகலமான தகடுகளின் மேல் அதிக அழுத்தத்தில் மணலை அடித்தால், கோடிக்கணக்கான சிறு சுத்தியல்கள் ஒரு பக்கத்தை மட்டும் தட்டியது போலாகும். அந்தப் பக்கம் விரிந்து தகடு உப்பிவிடும். திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. மூலை முடுக்குகளுக்கும் அடிச்சட்டங்களுக்கும் மட்டும் மணலை வைத்துக்கொள்ளுங்கள்.

துரு முதலில் தின்பது அடிச்சட்டம், கதவின் கீழ் விளிம்பு, கவுலின் கீழ்ப்பகுதி (முன் கண்ணாடிக்கும் என்ஜினுக்கும் இடையிலான தகடு), டிக்கியின் தரை. அடிச்சட்டத்தை முதலில் மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதன் மேல் நிற்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் வெட்டாதீர்கள். ஒன்றை முடித்து, கதவை மூடிப் பார்த்து, பிறகு அடுத்தது.

4. இருக்கையும் ஸ்டீயரிங்கும்

ஆசைப்பட்டவர்கள் தாண்டிப் போகும் கட்டம் இது. மெத்தை தைத்த இருக்கை வேண்டியதில்லை. ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி செய்து, நீங்கள் போடப்போகும் அதே அடர்த்தியுள்ள ஃபோமை அதன் மேல் வைத்தால் போதும். ஃபோம் அமுங்கும் அளவும் கணக்கில் சேரும். வெறும் பலகையில் உட்கார்ந்து அளந்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் பிசகும்.

இருக்கையைத் தரைவரை இறக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். கியர்பெட்டியும் சுழல்தண்டும் செல்லும் மேடு நடுவில் இருக்கிறது. அதை வைத்துத் தரையை முடித்த பிறகே இருக்கையின் உண்மையான உயரம் தெரியும். ஆக, என்ஜினும் கியர்பெட்டியும் இந்தக் கட்டத்துக்கு முன்பே சேசிஸில் ஏறியிருக்க வேண்டும். காலிக் கூடுகளாக இருந்தாலும் சரி.

பெட்டியில் உட்கார்ந்து, காலை பெடல்மேல் வைத்து, கையில் ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள். பழைய ஸ்டீயரிங் தண்டு ஒரே நேர்க்கம்பி. விபத்தில் ஈட்டிபோல் நெஞ்சை நோக்கி வரும். மடங்கக்கூடிய தண்டாக மாற்றிவிடுங்கள். இரண்டு இணைப்பு மூட்டுகளில் வேலை முடிந்தால் நல்லது. மூன்றாவது மூட்டு வந்தால் நடுவே ஒரு தாங்கி கட்டாயம். இல்லையென்றால் தண்டு கயிறுபோலச் சுழன்றாடும்.

இப்போது இன்னொருவரை அழைத்து, உங்கள் கண்ணின் உயரத்தைப் பக்க ஜன்னல் ஓரத்தில் முகமூடி நாடாவால் குறிக்கச் சொல்லுங்கள். கூரையின் உட்புறத்தில், குறைக்க நினைக்கும் அளவுக்குத் தடிமனான தெர்மாகோலை ஒட்டுங்கள். முன் கண்ணாடியின் மேல்பகுதியை அதே அளவுக்குக் காகிதத்தால் மறையுங்கள். உள் துணிக்கூரைக்கு இன்னும் அரை அங்குலம் சேருங்கள். தலைக்கு மேல் நான்கு விரல் இடம் இருக்கிறதா? தெருவில் சிக்னல் விளக்குத் தொங்கும் உயரத்தைப் பார்க்க முடிகிறதா?

முடியாது என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். கூரை வெட்டிய வண்டிக்காரர்கள் டேஷ்போர்டின் மேல் சிறு பட்டகம் ஒன்றை ஒட்டி, அதில் சிக்னலின் நிறத்தைப் பார்ப்பது வழக்கம். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வெளிப்புற வெயில் மறைப்பு மாட்டிய கார்களுக்கு என்றே விற்ற பொருள் அது. பட்டகம் வேண்டுமென்றால் அதன் இடத்தையும் இப்போதே குறியுங்கள். இந்த ஒரு மணி நேர ஒத்திகையில், நான்கு அங்குலம் என்று வந்தவர்கள் இரண்டரைக்கு இறங்கிவிடுவார்கள். இரண்டரை அங்குலம் நல்ல அளவு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஏதோ மாறியிருக்கிறது என்று தெரியும், என்னவென்று தெரியாது.

5. கூரைவெட்டு

அ. முட்டுக்கொடுத்தல்

கதவுகளை மூடிய நிலையில், சதுரக் குழாயால் பாடியின் உள்ளே கூண்டு கட்டுங்கள். முன் தூணிலிருந்து கதவுத் தூணுக்கு ஒன்று, இடமிருந்து வலத்துக்கு ஒன்று, இரண்டு மூலைவிட்டங்கள். எல்லாம் வெட்டுக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். குழாய் கதவின் வழியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை கதவு திறந்து மூட வேண்டும். நான் முதல் முறை கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கூரையை வெட்டினேன். கதவுத் தூண் கால் அங்குலம் உள்ளே சாய்ந்தது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. கதவு வந்தபோது கதவுதான் தவறு என்று நினைத்து அதையும் வெட்டினேன்.

ஆ. கோடு போடுதல்

மேல் கோடு ஒன்று, கீழ்க்கோடு ஒன்று. இடைப்பட்டது போகப்போகும் துண்டு. முகமூடி நாடாவால் ஒட்டி, தரையிலிருந்து உயரம் அளந்து சரிபாருங்கள். தூணின் நேரான பகுதியில் வெட்டுங்கள். வளைவில் வெட்டினால் மேல்துண்டும் கீழ்த்துண்டும் அகலத்தில் பொருந்தாது. வெளித்தகடும் உள்தகடும் ஒரே கோட்டில் வெட்டப்படக் கூடாது. ஒன்றரை அங்குலம் தள்ளித் தள்ளி வெட்டினால் வெல்டிங் தையல்கள் ஒரே இடத்தில் சேராது. தூணின் பலமும் போகாது.

பின் ஜன்னலைப் பற்றித் தனியாக முடிவெடுங்கள். அதையும் அதே அளவுக்குக் குறைத்தால் தபால் பெட்டியின் வாய் போலாகிவிடும். ஜன்னலை வெட்டாமல் முழுதாகக் கீழே இறக்கிப் பதிப்பவர்களும் உண்டு. வேலை கூடும், பின்னால் வரும் வண்டி தெரியும்.

இ. கூரை ஏன் குட்டையாகிறது

புதியவர்கள் திகைக்கும் இடம் இது. முன் தூண் மேலே போகப் போகப் பின்னால் சாய்கிறது. பின்பக்கம் மேலே போகப் போக முன்னால் சாய்கிறது. கூரை ஒரு மூடி, பாடி ஒரு பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து குறுகும் பானையில் மூடியைக் கீழே இறக்க இறக்க, மூடி சிறியதாகத் தெரியும். தூண் 10 பாகை சாய்ந்திருந்து நீங்கள் 3 அங்குலம் எடுத்தால், மேல்தூண் கீழ்த்தூணுக்குச் சுமார் அரை அங்குலம் பின்னால் வந்து நிற்கும். பின்பக்கத்திலும் இதேபோல் ஓர் இடைவெளி.

இதற்கு இரண்டு வழிகள். முன் தூணின் அடியில் கீறி, அதைப் பின்னால் சாய்க்கலாம். வேகமான வேலை, ஆனால் கதவின் முன் விளிம்பும் கண்ணாடிச் சட்டமும் அதோடு மாற வேண்டும். மற்றது, கூரையைக் குறுக்கே வெட்டி நீட்டுவது. 1932 கூப்பேயில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. அதன் கூரையின் நடுப்பகுதி தகடு அல்ல, துணி. ஃபோர்டு முழு எஃகுக் கூரைக்கு மாறியது 1937 மாடலில்தான். எனவே நீட்ட வேண்டியது இரு பக்கத்துக் குறுகிய பட்டைகளை மட்டுமே. கூரையின் நடுவை எஃகால் அடைக்க நினைப்பவர் நீட்டும் வேலையை முடித்த பிறகே அடைக்க வேண்டும். முதலில் அடைத்துவிட்டு, அதையே இரண்டாக அறுத்தவரை எனக்குத் தெரியும்.

நான் நீட்டுவதையே சொல்வேன். கண்ணாடியின் சாய்வு அசலாகவே இருக்கும்போது வண்டியின் முகம் மாறுவதில்லை.

ஈ. வெல்டிங்

விளிம்போடு விளிம்பு வைத்துப் பற்றவையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாதீர்கள். ஏற்றிய இடத்தில் இரண்டு தகடுகளுக்கு இடையே ஈரம் தங்கும். வெயிலில் இரண்டும் வெவ்வேறாக விரிந்து, பெயின்டின் மேல் ஒரு கோடு தெரியும்.

முதலில் நான்கு தூண்களிலும் ஒவ்வொரு பொட்டு மட்டும் வையுங்கள். கதவை மூடிப் பாருங்கள், தள்ளி நின்று பாருங்கள், மறுநாள் காலையில் மறுபடியும் பாருங்கள். பிறகு ஓர் அங்குலத்துக்கு ஒரு பொட்டு. அடுத்த பொட்டு முந்தையதற்குப் பக்கத்தில் விழக் கூடாது, எதிர்மூலைக்குப் போங்கள். கை வைத்துத் தாங்கும் சூடு வந்த பிறகே அந்த இடத்துக்குத் திரும்புங்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கிறது. பின்னால் டாலியை அணைத்து முன்னால் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சுருங்கியது விரியும். ஈரத்துணியால் அவசரமாகக் குளிரவைப்பது தையலை இறுக்கும். பொறுத்திருப்பதே மேல்.

பாடி முடிந்த பிறகு கதவின் மேல்சட்டம். மூடிய கதவில், புதிய வாசலுக்கு ஏற்பப் பொட்டு வைத்து, பிறகு கழற்றி முழுதாகப் பற்றவையுங்கள்.

6. கண்ணாடி

இந்த வண்டியில் எல்லாம் தட்டைக் கண்ணாடி, அதனால் பிழைத்தோம். ஒட்டுப்பலகையில் மாதிரி வெட்டி, சட்டத்தில் பொருத்திப் பார்த்து, அந்தப் பலகையைக் கண்ணாடிக் கடையில் கொடுங்கள். முன் கண்ணாடி இரண்டு தாள்களுக்கு நடுவே படலம் வைத்த வகையாக இருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி அதில் ‘ஏஎஸ்1’ முத்திரை தேவை. சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியைப் பிறகு வெட்டவே முடியாது, தூளாகிவிடும். அளவை அட்டையில் எடுக்காதீர்கள். அட்டை வளைந்து கொடுத்துப் பொய் சொல்லும்.

7. அடைப்பதும் திறப்பதும்

ரேடியேட்டரின் வெளிக்கூட்டில் மூடிக்காக உள்ள துளை, கவுலின் காற்று வாசல், கதவுக் கைப்பிடிகள் எல்லாவற்றையும் அடைத்து வழவழப்பாக்குவது ஒரு மரபு. வெளிக்கூட்டின் துளையை அடையுங்கள், நன்றாக இருக்கும். காற்று வாசலை விட்டுவிடுங்கள். குறைந்த கூரை, சிறிய ஜன்னல், முன்னால் வெப்பம் கக்கும் என்ஜின். கோடையில் அந்த ஒரு வாசல்தான் உங்களைக் காக்கும். கைப்பிடியை எடுத்துவிட்டு மின்சாரத்தால் திறக்கும் கதவு வைக்கிறவர், பேட்டரி இறந்தால் திறக்க ஒரு மறைவான கம்பியிழுப்பையும் வைக்க வேண்டும்.

டிக்கி மூடியில் காற்றுப் பிளவுகள் குத்துவதாக இருந்தால் பிரைமருக்கு முன்பே செய்யுங்கள். உள்சட்டத்தைக் கழற்றினால்தான் பிளவு குத்தும் இயந்திரத்துக்குள் மூடி நுழையும். குத்திய பிறகு தகடு கொஞ்சம் சுருளும்; சட்டத்தை மீண்டும் பொருத்தும்போது பாடியில் வைத்து வளைவைச் சரிபாருங்கள்.

8. ஈயமா, பட்டியா?

வெல்டிங் தையலை மூட இரண்டு வழிகள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு முதல் வழி புதிதல்ல. சூடாக்கு, சுத்தம் செய், துடைத்து ஒட்டவை. வித்தை அதேதான்.

பாடி வேலைக்குப் பயன்படுவது 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த கட்டி. இது 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, சுமார் 255 டிகிரியில்தான் முழுதாக உருகுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே வெண்ணெய் போல இருக்கும். அந்த நிலையில் தேன்மெழுகு தடவிய மரத்துடுப்பால் தள்ளிப் பரப்ப வேண்டும். புதியவர் செய்யும் தவறு, தீயை ஒரே இடத்தில் காட்டுவது. வெண்ணெய் நெய்யாகித் தரையில் சொட்டும், தகடும் கோணும். சுடர் வீசிவிட்டு விலக வேண்டும், மறுபடி வீச வேண்டும்.

ஈயம் ஒட்ட முதலில் வெள்ளீயப் பசையைத் தடவித் துடைக்கிறோம். அந்தப் பசையில் அமிலம் இருக்கிறது. வேலை முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, வெந்நீரால் மீண்டும் கழுவி, உலர்த்துங்கள். இதை விட்டால் பெயின்ட் அடித்த சில மாதங்களில் அந்த இடத்தில் கொப்புளம் கிளம்பும். ஈயத்தை அரத்தால் சீவுங்கள். கிரைண்டரோ உப்புத்தாளோ வேண்டாம். சீவல் தரையில் விழும், தூசி நுரையீரலுக்குப் போகும். அந்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

பட்டி போடுவதை இழிவாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பட்டி, சரியான தடிமனில், நன்கு தேய்த்த தகட்டின் மேலோ எபாக்சி பிரைமரின் மேலோ இருந்தால் ஒன்றும் ஆகாது. சீவி முடித்த பிறகு ஒரு நூலுக்கு மேல் அது நிற்கக் கூடாது என்பதே கணக்கு. அதற்கு மேல் தேவைப்பட்டால் தகடு இன்னும் சரியாகவில்லை என்று பொருள், சுத்தியலுக்குத் திரும்புங்கள். கதவின் விளிம்பு, டிக்கி மூடியின் விளிம்பு போன்ற அடிபடும் இடங்களில் மட்டும் ஈயம், மற்ற இடங்களில் பட்டி. நான் இப்படித்தான் செய்கிறேன்.

9. டேஷ்போர்டைத் தேர்ந்தெடுத்தல்

அசல் 1932 டேஷ்போர்டில் நடுவே ஒரு நீள்வட்டத் தகடு. அதில் ஸ்பீடாமீட்டர், அம்மீட்டர், பெட்ரோல் அளவு. என்ஜின் எண்ணெய் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் எதுவும் கிடையாது. அழகுக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே அதை மாற்ற வேண்டியிருக்கிறது.

வழிகள் மூன்று. அசல் டேஷ்போர்டை வைத்துக்கொண்டு நடுத்தகட்டை மட்டும் ஐந்து மீட்டர் கொண்டதாக மாற்றலாம். தகட்டைக் கெடுக்காத வழி. ஆனால் ஓட்டுநர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் பார்வை ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இரண்டாவது, ஆபர்ன் என்ற பழைய அமெரிக்கக் காரின் நீண்ட மீட்டர்த் தகட்டைப் பதிப்பது. மரபான ஹாட் ராட்களில் மதிப்பு மிக்கது, நகல்களும் கிடைக்கின்றன. மூன்றாவது, 1940 ஃபோர்டின் டேஷ்போர்டை முழுதாகக் கொண்டுவருவது. அதில் மீட்டர்கள் ஓட்டுநருக்கு நேரே இருக்கின்றன. ஆனால் அது அகலமானது. இரு முனைகளையும் வெட்டிக் குறுக்கி, முன் தூண்களின் உள்வளைவுக்கு ஏற்பப் பொருத்த வேண்டும்.

எதுவானாலும் முதலில் அட்டை. மீட்டர்களின் உண்மையான அளவில் வட்டங்கள் வெட்டுங்கள். பொதுவாகச் சிறியவை 2 1/16 அங்குலம், ஸ்பீடாமீட்டர் 3 3/8 அங்குலம். அட்டையில் ஒட்டி, நான்காம் கட்டத்தில் செய்த பெட்டி இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு பாருங்கள். வளையத்தின் மேல் பாதிக்குள் எவையெல்லாம் தெரிகின்றன? எண்ணெய் அழுத்தமும் வெப்பமும் அந்த இடத்துக்கு வர வேண்டும். பெட்ரோல் மீட்டர் எங்கிருந்தாலும் பரவாயில்லை, நின்று பார்த்துக்கொள்ளலாம்.

அட்டை சரியானதும் ஆழம் பாருங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணாடித் துடைப்பான், காற்று வாசலின் கைப்பிடி, சில வண்டிகளில் ஏர்கண்டிஷனர் பெட்டி எல்லாம் இருக்கின்றன. மீட்டரின் உடல் முட்டாமல் இருந்தாலும், அதன் பின்னால் செருகும் ஒயர் முட்டும். இரண்டு அங்குலம் கூடுதலாக விடுங்கள்.

சுழல்வட்ட அலங்காரம் கொண்ட உலோகத் தகடு வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்யலாம். துளையிடும் இயந்திரத்தில் சிறிய கம்பித் தூரிகையை மாட்டி, வால்வு தேய்க்கும் பசையும் கொஞ்சம் எண்ணெயும் தடவி, ஒவ்வொரு வட்டமும் முந்தையதைப் பாதி மறைக்கும்படி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். தேவையைவிடப் பெரிய தகட்டில் அலங்காரத்தை முடித்துவிட்டு, பிறகு வெளிவடிவத்தையும் துளைகளையும் வெட்டுங்கள். துளைகளை முதலில் போட்டால் தூரிகை அவற்றின் ஓரத்தில் சரிந்து, வட்டம் கோணும்.

பெயின்டுக்கு முன் டேஷ்போர்டின் எல்லாத் துளைகளும் இட்டாக வேண்டும். சுவிட்ச், சாவி, ஸ்டீயரிங் தாங்கி, கையுறைப் பெட்டிப் பூட்டு எல்லாம். பளபளக்கும் புதுப் பெயின்டில் துளையிடும் கை நடுங்கும், நிச்சயம் வழுக்கும்.

10. மீட்டரும் சென்சாரும் ஜோடி

மீட்டரை ஒரு கடையிலும் பெட்ரோல் தொட்டியின் மிதவையை வேறு கடையிலும் வாங்குவது புதியவர்களின் வழக்கம். மிதவை தருவது மின்தடை. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய முறையில் காலித் தொட்டிக்கு 0 ஓம், நிறைந்ததற்கு 90. ஃபோர்டு முறையில் காலிக்கு 73, நிறைவுக்கு 10. ஸ்டூவர்ட்-வார்னர் முறையில் காலிக்கு 240, நிறைவுக்கு 33. முதல் வகை மிதவையை மூன்றாம் வகை மீட்டரோடு இணைத்தால், தொட்டி காலியாகக் காலியாக ஊசி நிறைவை நோக்கி ஏறும். இதனால் நெடுஞ்சாலையில் நின்றவரை நானே போய் ஏற்றி வந்திருக்கிறேன்.

வெப்ப சென்சாரின் மரையில் கசிவைத் தடுக்கும் வெள்ளை நாடாவைச் சுற்றாதீர்கள். சென்சார் தன் எர்த்தை அந்த மரை வழியாகத்தான் பெறுகிறது. பழைய ஃபோர்டு வி8 என்ஜினையே வைத்திருப்பவர்கள் இரண்டு வெப்ப மீட்டர்கள் போடுவது நல்லது. அதில் பக்கத்துக்கு ஒரு நீர் பம்ப். ஒன்று நின்றால் மறுபக்கத்து மீட்டர் சாதாரணமாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

அம்மீட்டர் வேண்டாம், வோல்ட்மீட்டர் போதும். அம்மீட்டருக்குள் வண்டியின் முழு மின்னோட்டமும் பாய்கிறது. பழைய டைனமோவுக்காகச் செய்த 30 ஆம்பியர் மீட்டரில் இன்றைய ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை விட்டால், டேஷ்போர்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டியது போலாகும்.

11. ஒயரிங்

ஃபோர்டு அப்போது 6 வோல்ட், நேர்முனை எர்த். 12 வோல்ட் எதிர்முனை எர்த்துக்கு மாற்றும்போது பழைய மோட்டார், பழைய மீட்டர் எதையும் அப்படியே இணைக்காதீர்கள்.

டேஷ்போர்டு கழற்றக்கூடியதாக இருக்கட்டும். அதன் ஒயர்கள் எல்லாம் ஒரே பல்முனை இணைப்பில் சேர்ந்து, ஓரடித் தளர்வோடு இருந்தால், மீட்டரைப் பழுதுபார்க்க நீங்கள் தலைகீழாகப் படுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஒயரிலும் இரு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். ஃபியூஸ் பெட்டியை இருக்கைக்கு அடியிலோ கவுலின் பக்கச்சுவரிலோ வைக்கலாம்; மழைநீர் சொட்டும் காற்று வாசலுக்கு நேர்கீழே மட்டும் வேண்டாம்.

எர்த் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டியது, பாடி ரப்பர் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது. பெயின்டும் மின்சாரத்தைத் தடுக்கும். என்ஜினிலிருந்து சேசிஸுக்கு ஒரு பட்டை, சேசிஸிலிருந்து பாடிக்கு ஒரு பட்டை, பாடியிலிருந்து டேஷ்போர்டுக்கு ஒரு தனி ஒயர். இவை இல்லாவிட்டால், விளக்கைப் போட்டதும் பெட்ரோல் ஊசி ஆடும். வண்டிக்காரரோ மீட்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்.

12. பிரைமர், தேய்ப்பு, பெயின்ட்

எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாகப் பொருத்துங்கள்: கண்ணாடி, ரப்பர், டேஷ்போர்டு, ஒயரிங், கைப்பிடிகள். வண்டி வெறும் உலோகமாகவே ஓடும் நிலைக்கு வரட்டும். பிறகு கழற்றுங்கள். இந்த ஒத்திகையைத் தவிர்த்தவர்கள் பெயின்டுக்குப் பிறகு கிரைண்டர் எடுக்கிறார்கள்.

வெற்று உலோகத்துக்கு எபாக்சி பிரைமர். அதன் மேல் அடுத்த பூச்சுக்கு எத்தனை மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பது டப்பாவில் அச்சிட்டிருக்கும். தாண்டினால் மீண்டும் தேய்க்க வேண்டும். காற்று சூடாக இருந்தால் போதாது, தகடும் சூடாக இருக்க வேண்டும். இங்கே மிஷிகன் குளிரில் அடுப்பு மூட்டி அரை மணியில் பிரைமர் அடித்தவரின் கூரையிலிருந்து, வசந்தத்தில் அது தோலாக உரிந்தது.

பட்டிக்கு 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 180, பிரைமருக்கு 320, இறுதியில் 600. நீண்ட கட்டையில் சுற்றி, மூலைவிட்டமாகத் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரலின் பள்ளம் பதியும். கரும்பொடியை மெலிதாகத் தூவிவிட்டுத் தேய்த்தால், பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கி உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். மங்கலான கறுப்பு அடிக்கப் போகிறவர் இரண்டு சுற்றில் நிறுத்தலாம். பளபளக்கும் கறுப்பு என்றால் நான்காவது சுற்றிலும் குறை தெரியும். அந்த நிறம் எதையும் மன்னிப்பதில்லை.

கடினமாக்கி கலந்த இன்றைய பெயின்டுகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. கரி வடிகட்டி முகமூடியை நம்பாதீர்கள். வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாதவர் பெயின்டை மட்டும் வெளியே கொடுத்துவிடுவது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொருத்தும்போது எர்த் பட்டைகள் தொடும் இடங்களில் பெயின்டைச் சுரண்டி, பல்வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கேபிளில் ஓடும் ஸ்பீடாமீட்டராக இருந்தால், மைலுக்கு 1000 சுற்று என்ற கணக்கு உங்கள் டயர் அளவோடு ஒத்துவராது; நெடுஞ்சாலையின் மைல் கற்களை வைத்து, கைக்கடிகாரத்தோடு சரிபாருங்கள். முதல் 100 மைல் ஓடியதும் பாடி போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள். ரப்பர் பட்டை அதற்குள் அமுங்கியிருக்கும். அன்றே கதவின் இடைவெளியையும் பாருங்கள். ஒன்றரை நூல் மாறியிருந்தால் கீலைத் தொடும் முன், முன் போல்ட்டின் அடியில் வைத்த மெல்லிய தகட்டைப் பாருங்கள்.